துண்டுக்கு அடியில் ஒரு டேங்கர் லாரி

1. ஜி.எம். போன் செய்தார்

மாதக் கடைசி நாள். மத்தியானம் டையைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தேன். போன் அடித்தது. ஹெட் ஆபீஸிலிருந்து ஜி.எம்.

"ஷோரூம்ல என்னய்யா நடக்குது? கேமராவுல பாத்துட்டு இருக்கேன். உங்க மேனேஜர் யாரோ ஒரு பெரியவர் கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். மேல துண்டு போட்டு மூடியிருக்கு. ரொம்ப நேரமா விடவே இல்லை. அவருக்கு ஏதும் உடம்பு சரியில்லையா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. மேனேஜர் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மாட்டுத் தரகர் எத்திராஜ். நடுவில் ஒரு காவித் துண்டு. துண்டு மட்டும் உள்ளே எலி புகுந்ததுபோல நெளிந்துகொண்டிருந்தது.

"கஸ்டமர் என்கேஜ்மென்ட் சார்" என்றேன்.

ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. ஒரு நாளாவது உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. ஜி.எம்., "சரி, வண்டி போகுதா இல்லையா?" என்றார். "போயிடும் சார்" என்று வைத்துவிட்டேன். போகுமா என்பது எனக்கே தெரியாது.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய லாரி ஷோரூமில் நான் சேல்ஸில் இருக்கிறேன். ரிடையர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் "பேரத்தை எப்படி ஹேண்டில் பண்றது சார்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹேண்டில் பண்ணுவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டதுதான்.

2. மூன்று பேர் வந்தார்கள்

அன்று காலை கடை திறந்ததுமே வந்துவிட்டார்கள். முருகேசன், அவர் மனைவி தேவகி, கூடவே எத்திராஜ்.

முருகேசனுக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். பல வருடமாக இன்னொருவர் தண்ணீர் லாரியைக் கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு குடியிருப்புச் சங்கத்தார், "சொந்த வண்டி வாங்கினால் எங்கள் தண்ணீர் ஒப்பந்தம் உனக்கே" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் சங்கக் கூட்டம். புது டேங்கர் புக் செய்த ரசீதை அங்கே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பைனான்ஸ் கிடைத்துவிட்டது. கைப்பணத்துக்கு ஒரு பசுவைத் தவிர மற்ற வீட்டு மாடுகளை விற்றிருந்தார்கள். விற்றுக்கொடுத்தவர் எத்திராஜ். லாரி வாங்கும் இடத்தில் இவருக்கு என்ன வேலை என்று நான் கேட்டேன்.

"மாட்ட வித்தது நானு. அந்த டப்புல வாங்கறதயும் நான்தானே பாக்கணும்? நாளிக்கு வண்டி கொடச்சல் குட்த்தா, மாட்ட வித்த தரகன்தான் காரணம்னு ஊரே சொல்லும்" என்றார் எத்திராஜ்.

அதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. என்ன நியாயம் என்று யோசிப்பதற்குள் அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

3. சுழி பார்த்த கதை

லாரி வாங்க வருகிறவர்கள் டயரை உதைப்பார்கள், கேபினில் ஏறி உட்காருவார்கள், ஹார்ன் அடிப்பார்கள். எல்லாம் பார்த்திருக்கிறேன். எத்திராஜ் லாரியை இடது பக்கமாகச் சுற்றி வந்து, முன்னால் நின்று, மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல கிரில்லைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இன்னும் பல்லு போடல. சின்ன வயசு" என்றார்.

"புது வண்டிங்க" என்றேன்.

"அத்தத்தான் நானும் சொல்றேன்."

கதவைத் தட்டினார். டேங்கின் வயிற்றைத் தடவினார். மட்கார்டுக்கு அடியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா இது, இங்க ரெண்டு சுழி கீது?"

குனிந்து பார்த்தேன். மாட்டு உடம்பில் மயிர்ச்சுழி பார்ப்பதுபோல அவர் பார்த்தது ரிவெட்டை. சொன்னேன். "ரெண்டும் ஒரே பக்கமா பாத்துகினு கீது. வூட்டுக்கு ஆவாது. வேற காட்டு" என்றார். முருகேசனின் முகம் சுண்டிவிட்டது. பின்னால் யார்டுக்கு அழைத்துப் போனேன். அதே மாடல் வரிசையாக நின்றது. அந்த வெயிலில் எத்திராஜ் ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்தார். நானும் கூடவே குனிந்தேன். குனிய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, ஆனால் குனிந்தேன்.

"எல்லாத்துக்கும் அதே எடத்துலதான் கீது. அப்ப அது வம்சத்துக்கே உள்ளது. தோசம் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். முருகேசன் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

பிறகு வண்டியை நடக்க வைக்கச் சொன்னார். யார்டு டிரைவர் பழனி ஏறி ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். எத்திராஜ் பின்னாலேயே நடந்து பின்சக்கரம் ஆடுகிறதா என்று பார்த்தார். என்ன சாப்பிடும் என்று கேட்டார். டீசல், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடும் என்றேன். "பெரிய வயிறுதான். வேல செஞ்சா சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

4. முதல் தாள், இரண்டாம் தாள்

எங்கள் மேனேஜர் கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். நல்ல பையன், கோபமே வராது, சட்டை கசங்காது. எத்திராஜ் அவர் எதிரில் உட்கார்ந்ததும் துண்டை விரித்து, "கைய நீட்டுங்க சார்" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது.

"நம்மளுது ட்ரான்ஸ்பேரன்ட் பிரைஸிங்ங்க. எல்லாம் ஓப்பன். ஒளிக்கறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லீங்க" என்று சிரித்தார் மேனேஜர்.

எத்திராஜ் துண்டை மடித்துக்கொண்டார். வாயாலேயே பேரம் நடந்தது. மேனேஜர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, போன் செய்வதுபோல வெளியே போய் வந்து, விலையில் முப்பதாயிரம் குறைத்தார். கைகொடுத்தார்கள். முருகேசன் என் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

அப்போதுதான் நான் இரண்டாவது தாளை எடுத்து வைத்தேன்.

தொழிலில் இது வழக்கம். முதல் தாளில் வண்டி விலை, இன்சூரன்ஸ், வரி. கஸ்டமர் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருக்கும்போது இரண்டாவது தாள். ஹேண்ட்லிங் சார்ஜ் இருபத்தெட்டாயிரம். எசென்ஷியல் கிட் பன்னிரண்டாயிரம். டெஃப்லான் கோட்டிங் ஒன்பதாயிரம். டாக்குமென்டேஷன் ஆறாயிரம். மொத்தம் ஐம்பத்தைந்தாயிரம். பெரும்பாலும் முனகிக்கொண்டே கட்டிவிடுவார்கள். வண்டி தேடி அலைந்து களைத்துப்போய்த்தான் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்திருப்பார்கள்.

முருகேசன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பதாயிரம் குறைத்த பிறகுதான் முதல் தாளுக்கே அவர்கள் கொண்டுவந்த பணம் சரியாக வந்திருந்தது.

தேவகிதான் எத்திராஜிடம் பேசினார். அதுவரை அவர் குரலையே நான் கேட்கவில்லை. "மாமா, வூட்ல கீற செவலைய குட்த்தா எவ்ளோ வரும்?"

"அம்பது வரும். அம்பத்தஞ்சும் வரும்" என்றார் எத்திராஜ்.

"அப்ப சரியா பூடுது" என்றார் தேவகி. தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இது ஓடி டப்பு வர்ற வரிக்கும் அது பால்லதான் அடுப்பு எரியணும்னு நெனச்சிகினு இருந்தேன்."

எத்தனையோ இரண்டாம் தாள் நீட்டியிருக்கிறேன். அதில் ஒரு மாடு நின்று அன்றுவரை நான் பார்த்ததில்லை.

5. கூட்டியாந்து காட்டு

எத்திராஜ் தாளை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"கைகுடுத்த பொறவு மேல கேக்கறது எங்க சந்தையில கெடயாது. சரி, உங்க சந்தையில இருக்கட்டும். ஆனா ஒண்ணு, கண்ணுல காட்டாத மாட்ட நான் வாங்கறதில்ல. இதுல நாலு உருப்படி எழுதிகீது. ஒவ்வொண்ணா கூட்டியாங்க, பாக்கறேன்."

மேனேஜர் சிரித்தார். எத்திராஜ் சிரிக்கவில்லை. எனக்கு ஜாடை காட்டினார் மேனேஜர். நான் போய் எசென்ஷியல் கிட்டைத் தூக்கிவந்தேன். ரப்பர் மேட், ஸ்டீயரிங் உறை, கண்ணாடி துடைக்கும் துணி, டாஷ்போர்டில் வைக்கும் ரோஜா சென்ட். கிரானைட் தரையில் வரிசையாகப் பரப்பினேன். சந்தையில் பாத்திரம் விற்பவன்போல நின்றேன். தேவகி சென்ட்டைத் திறந்து முகர்ந்தார். நாலு தும்மல் போட்டார்.

"தண்ணி லாரிக்கு எதுக்கு சார் சென்ட்டு? தண்ணியில ஏறிகிச்சின்னா அபார்ட்மென்ட்டு ஜனம் சும்மா வுடுமா?"

அடுத்து டெஃப்லான்.

"அது பெயின்ட் மேல பூசறதுங்க. கண்ணுக்குத் தெரியாது" என்றார் மேனேஜர்.

"பூசாத வண்டி ஒண்ணு கொண்டாந்து இது பக்கத்துல நிக்க வைங்க" என்றார் தேவகி. "ரெண்டுத்தயும் பாத்து எது எதுன்னு நீங்களே சொல்லுங்க. சரியா சொன்னா குட்த்துடறேன்."

மேனேஜர் வண்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்த வண்டிக்கே பூசியாகிவிட்டதா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

டாக்குமென்டேஷனுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் காட்டினேன். எத்திராஜ் அதன் பட்டனை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். "நல்லாத்தான் மூடுது" என்று திருப்பித் தந்துவிட்டார்.

கடைசியாக ஹேண்ட்லிங் சார்ஜ்.

"கம்பெனி யார்டுல இருந்து வண்டியைப் பத்திரமா ஓட்டிட்டு வந்து இங்க நிறுத்தறமுங்க இல்ல, அந்தச் செலவு" என்றார் மேனேஜர்.

"யாரு ஓட்டியாந்தது?"

சரியாக அந்த நேரம் பார்த்து யார்டு டிரைவர் பழனி வாட்டர் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். "நான்தான் அண்ணாத்த" என்றான்.

"இன்னா குட்த்தாங்க?"

"ஐந்நூறு பேட்டா. ரெண்டு பரோட்டா."

"சால்னாவா, குருமாவா?" என்று முருகேசன் கேட்டுவிட்டார். பாவம், டிரைவர் புத்தி.

"இருவத்தெட்டாயிரத்துல ஐந்நூறு கண்ணுல பட்டுச்சி. ரெண்டு பரோட்டாவும் பட்டுச்சி. மீதி எங்க கட்டி வெச்சிகீறீங்க? அவுத்துகினு வாங்க" என்றார் எத்திராஜ்.

மேனேஜர் ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தார். அதற்கு மேல் அவருக்கும் பார்க்க இடமில்லை.

6. துண்டு எங்கே?

இதுவரை நடந்ததோடு முடிந்திருந்தால் மேனேஜர் தோளைக் குலுக்கிவிட்டு, "கம்பெனி பாலிசிங்க" என்று எழுந்திருப்பார். முருகேசன் வீட்டுக்குப் போய் செவலையை அவிழ்த்திருப்பார். ஆனால் சோபாவில் ஒரு குவாரிக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார். மூன்று டிப்பருக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர். அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தன் இரண்டாம் தாளை எடுத்தார்.

"ஏன் தம்பி, எனுக்கும் இத்தப் போட்டுகீறீங்களே? மூணு வண்டிக்கு மூணு ஹேண்ட்லிங்கு. என்னோடதயும் கூட்டியாங்க, பாத்துடுவோம்."

கார்த்திக்கின் சட்டை கசங்கியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இங்கே "தள்ளுபடி" என்று வாயைத் திறந்தால் அங்கே மூன்று மடங்கு போகும். இங்கே "முடியாது" என்றால் எத்திராஜ் விடப்போவதில்லை, குவாரிக்காரர் தாளை மடித்துக்கொண்டு அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுவார். மாதக் கடைசி வேறு. இரண்டு பக்கமும் அடி.

மேனேஜர் மெதுவாக உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவரே, அந்தத் துண்டு எங்கீங்க?"

எத்திராஜ் தோளிலிருந்து எடுத்து விரித்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முன்னாலேயே தெரிந்தவர்போலத்தான் இருந்தார். மேனேஜர் கையை உள்ளே விட்டார். விட்டதும் என்னைப் பார்த்து, "எப்படீங்க சொல்றது?" என்று உதட்டை மட்டும் அசைத்தார். சந்தையில் வேடிக்கை பார்த்து எனக்குத் தெரிந்ததை அவர் காதில் சொன்னேன். முதல் பிடி பத்தாயிரக் கணக்கு. இரண்டாவது பிடி ஆயிரக் கணக்கு. எத்தனை விரலோ அத்தனை. உள்ளங்கையில் தட்டினால் சம்மதம்.

எத்திராஜ் ஐந்து விரலையும் பிடித்தார். விட்டார். மறுபடி ஐந்து விரலையும் பிடித்தார். ஐம்பத்தைந்து. முழுவதையும் தள்ளு என்று அர்த்தம். மேனேஜருக்கு வியர்த்தது. அவர் பதிலுக்கு என்ன பிடித்தாரோ, எத்திராஜ் தலையை ஆட்டினார். துண்டு நெளிந்தது. குவாரிக்காரர் சோபாவின் நுனிக்கு வந்து கழுத்தை நீட்டினார். பில்லிங்கில் இருக்கும் பெண் எழுந்து நின்று பார்த்தாள். ஜி.எம். போன் செய்தது இந்தக் கட்டத்தில்தான்.

நடுவில் மேனேஜர் ஒருமுறை கிளுக்கென்று சிரித்துவிட்டார். கூச்சம் தாங்கவில்லையாம். அந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்று எத்திராஜ் குழம்பிப்போனார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். முருகேசன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தேவகி துண்டையே பார்த்தபடி இருந்தார். அந்த அம்மாளின் மாடு உள்ளே இருந்தது. நானும் வேண்டிக்கொண்டேன். இத்தனை வருட சர்வீஸில் கம்பெனிக்கு எதிராக வேண்டிக்கொண்டது அன்றுதான்.

கடைசியில் தட்டும் சத்தம் கேட்டது. எத்திராஜ் துண்டை எடுத்தார். மடியிலிருந்து ஒரு வெற்றிலையும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து மேனேஜரின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அச்சாரம். இனிமே நீங்களும் ஏத்தக்கூடாது, நாங்களும் எறக்கக்கூடாது."

மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, "மூவாயிரம் மட்டும் போடுங்க. மேட்டு, ஸ்டீயரிங் உறை குடுத்துடுங்க. மத்ததை எல்லாம் அடிச்சிடுங்க. வாயைத் திறக்காதீங்க" என்றார். மூவாயிரத்தைத் தேவகி தன் பர்ஸிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார். புக்கிங் ரசீது முருகேசன் கைக்குப் போனது. செவலை தப்பித்தது.

"எவ்ளோக்குப்பா முடிஞ்சிது?" என்று குவாரிக்காரர் எத்திராஜைக் கேட்டார்.

"துண்டுக்குள்ள நடந்தது வெளிய வராது. வோணும்னா உங்குளுக்கும் நானே பேசித் தரேன்" என்றார் எத்திராஜ். துண்டை மறுபடி விரித்துவிட்டார். மேனேஜர் அவசரமாக பாத்ரூம் போய்விட்டார்.

7. தரகு

இத்தோடு முடித்தால் எத்திராஜைப் பெரிய மகான் என்று நினைத்துவிடுவீர்கள். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டதும் அவர் தேவகியிடம் கையை நீட்டினார்.

"எம்மா, நம்ம தரகு?"

"மாடு வித்ததுக்குத்தான் குட்த்தாச்சே மாமா?"

"அது மாட்டுக்கு. இது லாரிக்கு. சார்கிட்டயும் வாங்கணும். ரெண்டு பக்கமும் வாங்கறதுதானே மொற?" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

தேவகி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "தாராளமா குடுக்கறேன். உங்க தரக இங்க கூட்டியாங்க. கண்ணுல பாத்துட்டுக் குடுக்கறேன்."

எத்திராஜ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் ஏ.சி.யைப் பார்க்கலாம் என்றால் வெளியில் ஏ.சி.யும் இல்லை. முருகேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

"பேஜாரு பண்றியேம்மா" என்று முனகினார் எத்திராஜ்.

"துட்டு இல்ல மாமா. செவலை கீதில்ல? ஒரு மாசத்துக்குப் பால் ஊத்தறேன். அதுன்னா கண்ணால பாக்கலாம், அளந்தும் பாக்கலாம்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கலக்காத ஊத்து. வூட்ல தண்ணி லாரி வேற வருது" என்றார்.

8. கற்றுக்கொண்டது

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கண்ணில் காட்ட முடியாததைப் பில்லில் ஏற்றாதீர்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சொன்னால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. நீங்களும் கேட்க மாட்டீர்கள், உங்களுக்கும் டார்கெட் இருக்கிறது. அதனால் இவ்வளவு மட்டும் சொல்கிறேன். இரண்டாம் தாளை நீட்டுவதற்கு முன்னால், அந்தத் தொகை எதிரில் இருப்பவர் வீட்டில் எங்கே கட்டியிருக்கிறது என்று ஒரு தடவை யோசியுங்கள். யோசித்தால் பாதி வரியை நீங்களே அடித்துவிடுவீர்கள். நான் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேனேஜருக்குத் தெரியும். அவர் கேட்பதில்லை. அவர் மேஜை டிராயரில் இப்போது ஒரு துண்டு இருக்கிறது. நானும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

டெலிவரி நாளில் முருகேசன் குடும்பம் மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் வந்தது. எல்லா டயருக்கும் பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, வண்டியை வெளியில் எடுத்தாயிற்று. முருகேசன் ஹார்னை விடாமல் அடித்தார். தேவகி மட்டும் கேபினிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு.

"இந்தாங்க சார். எங்க வண்டிய நல்லபடியா எடுத்துக் குட்த்தீங்க இல்ல, ஹேண்ட்லிங் சார்ஜி."

மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். பால். இன்னும் நுரை அடங்கவில்லை.

"பாத்துக்கோங்க" என்றார்.

பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தூக்கை வாங்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டேன். அன்று ஷோரூமில் எல்லோருக்கும் அந்தப் பாலில்தான் டீ. மேனேஜர் இரண்டு டம்ளர் குடித்தார்.